இருபத்தொரு சுற்று

அமெரிக்கா,
5.4.2005

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நான் போட்ட கத்தல் உன் காதில் இன்னும் இருக்கும். இருபத்தொரு சுற்று அக்கா! மூன்று வருஷமாக ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று என்று நொண்டியடித்த இயந்திரம் போன வியாழக்கிழமை இருபத்தொரு சுற்று ஓடிவிட்டது. திரையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூர்முனை. விரலை வைத்து நான்கு தடவை எண்ணினேன்.

"உன் தம்பி அங்க என்னதான் பண்றான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல" என்றாய். ஃபோனில் சொன்னால் உனக்குப் புரியாது. பக்கத்தில் அம்மா வேறு "என்னவாம், என்னவாம்" என்று உன்னைப் பிடுங்குவாள். அதனால் எழுதுகிறேன். பிரவுசிங் சென்டருக்கெல்லாம் உன்னை வரச் சொல்லமாட்டேன்.

எங்கள் வளையம் ஒன்றும் பெரிது இல்லை. நம் வேங்கிக்கால் வீட்டு ஹாலில் கொஞ்சம் இடித்துக்கொண்டு அடங்கிவிடும். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய், வட்டமாக. அதில் எலக்ட்ரான்களைக் கற்றையாக அனுப்புகிறோம். கொஞ்சமாக அனுப்பினால் சமர்த்தாகச் சுற்றும். நாங்கள் வேண்டுமென்றே நெருக்கியடித்து அனுப்புகிறோம். அப்போது ஒன்றையொன்று தள்ளும், கற்றை உப்பும், குழாய்ச் சுவரில் மோதிக் காணாமல் போகும். வழியெல்லாம் காந்தம் வைத்து அமுக்கி அமுக்கி ஓட்ட வேண்டும். பெரிய இயந்திரங்களில் ஊர்ப்பட்ட செலவு செய்து பார்க்க வேண்டிய தொல்லைகளை இந்தச் சின்ன வளையத்திலேயே பார்த்துவிடலாம் என்பதற்காகத்தான் இதைக் கட்டினார்கள். ஒரு விநாடியை ஐம்பது லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

அம்மா என்ன கேட்டாள் தெரியுமா? "பௌர்ணமிக்கு மலை சுத்தற கூட்டம் மாதிரிதானடா? ஜாஸ்தி பேரு வந்தா தள்ளிக்கத்தானே செய்வாங்க" என்றாள். என் பி.எச்.டி. கைடுகூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அப்புறம் கேட்டாள்: "கண்ணுக்குத் தெரியுமா அது?" தெரியாதும்மா என்றேன். "தெரியாததைச் சுத்த வுட்டுட்டு எப்படிடா எண்ணுற?" சிரித்துவிட்டேன்.

மே மாதம் ஒரு மாநாட்டில் இந்த எண்ணை நான்தான் சொல்லப்போகிறேன். அக்கா, இது மட்டும் வரவில்லை என்றால் இந்த வருஷத்தோடு மூட்டை கட்டு என்று சொல்லியிருப்பார்கள். பத்துச் சுற்றுக்குக் கீழே இருந்தால் நான் எழுத ஒன்றுமே இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லாதே. இருபத்தொன்று என்பதை மட்டும் சொல்.

வளவன்


வேங்கிக்கால்,
28.4.2005

தம்பி வளவா,

உன் கடிதம் வந்தது. எங்கள் ஆபீஸ் பதிவறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒருத்தருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது, பெருமையாக இருந்தது.

இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் மாமா தசரதன் பத்து மணிக்கே வீட்டுக்குள் வந்து ஃபேனுக்குக் கீழே படுத்துவிடுகிறார். அம்மாவுக்குச் சர்க்கரை முன்பு மாதிரியேதான். மாத்திரை போடுகிறாள். இனிப்பும் சாப்பிடுகிறாள், கேட்டால் "பிரசாதம்" என்கிறாள்.

சித்ரா பௌர்ணமிக்குப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்காவோடு மலை சுற்றிவிட்டு வந்தாள். பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலோடு. அறுபத்திரண்டு வயது ஆகிறது, நினைவிருக்கிறதா உனக்கு? இனிமேல் செவ்வாய்க்கிழமை தோறும் போவாளாம்.

ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. அந்த இருபத்தொன்று நிச்சயம்தானா? கொஞ்சம் கம்மியாக இருக்க வழியே இல்லையா? எங்கள் ஆபீஸில் ஒரு சர்வே எண்ணை ஒரு ஆள் எழுதினால் இன்னொரு ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உன்னுடையதை யாராவது சரிபார்த்தார்களா? ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அதுக்கு மேல் எழுத முடியாது.

ஒழுங்காகச் சாப்பிடு.

மதிவதனி


அமெரிக்கா,
14.5.2005

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் இன்னும் மோசமாக எழுதியிருப்பேன்.

யார் உன்னிடம் என்ன சொன்னார்கள்? கம்மியாக இருக்குமா என்று கேட்க உனக்கு எப்படித் தோன்றியது? நான் என்ன கிராம நிர்வாக அலுவலரா, ஏக்கரை மாற்றி எழுதுவதற்கு? மூன்று வருஷம் ராப்பகல் பார்க்காமல் உழைத்து ஒரு எண் வந்திருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பார்த்தால், சரிபார்த்தாயா என்று மெமோ வருகிறது. இருபத்தொன்று. எத்தனை தடவை கேட்டாலும் இருபத்தொன்றுதான்.

அம்மாவிடம் என்ன சத்தியம்? எனக்குப் பெண் பார்க்கிறீர்களா? அந்தப் பேச்சே வேண்டாம்.

நாளை மறுநாள் மாநாட்டுக்குக் கிளம்புகிறேன்.

வளவன்


வேங்கிக்கால்,
2.6.2005

வளவா,

உனக்குப் பெண் பார்க்கவில்லை. நீ பயப்படும் அளவுக்கு உன்னை யாரும் கேட்கவும் இல்லை.

நான் கேட்டது தப்புதான். விட்டுவிடு. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் உன்னோடு பேசி முடித்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாள்: "கொறையலையே?" அவ்வளவுதான். குறையவில்லை என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே சின்னக் கொப்புளம். தார் ரோட்டுச் சூடு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள். வலிக்கிறதா என்றால் "ஒண்ணுமே தெரியல" என்கிறாள். சரி, வலிக்கவில்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

மாநாடு எப்படி நடந்தது என்று எழுது.

மதி


அமெரிக்கா,
4.7.2005

அக்கா,

இதை நீ மட்டும் படி. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

இருபத்தொன்று இல்லை. ஆறு.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நடந்ததை அப்படியே சொல்கிறேன். வளையத்தில் கற்றை ஒரு இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அங்கே இருக்கும் கருவி ஒரு துடிப்பை அனுப்பும். அது ஒரு ஒயர் வழியாகத் திரைக்கு வரும். மார்ச் மாதம் திரையைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். அதற்காக நான்தான் இருபது மீட்டர் நீள ஒயரை எடுத்து மாட்டினேன். அந்த ஒயரின் முனையில் ஒரு சின்ன மூடி போட வேண்டும். அது இல்லாவிட்டால் துடிப்பு முனையில் மோதித் திரும்பிப் போகும், மறுமுனையில் மோதி மறுபடி வரும். எதிரொலி மாதிரி. முதல் வருஷப் பசங்களுக்குச் சொல்லித் தரும் பாடம் இது. நான் மூடியைப் போட மறந்துவிட்டேன்.

என் கெட்ட நேரத்தைப் பார். அந்த இருபது மீட்டர் ஒயரில் துடிப்பு போய்த் திரும்பும் நேரமும், கற்றை வளையத்தை ஒருமுறை சுற்றும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. வேறு எந்த நீளமாக இருந்தாலும் எதிரொலி தனியாகத் தெரிந்திருக்கும். இதில் சுற்றோடு சுற்றாகக் கலந்துவிட்டது. கற்றை ஆறாவது சுற்றிலேயே செத்துப்போயிருக்கிறது. மீதிப் பதினைந்தும் வெறும் ஒயர்.

மாநாட்டில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். திரும்பி வந்து ஒரு நாள், உன் கேள்வி மனசில் அரித்ததால், பாதையின் குறுக்கே தடுப்பை இறக்கிவிட்டுப் பார்த்தேன். தடுத்துவிட்டால் ஒரு சுற்றுகூட முடியக்கூடாது. ஆனாலும் திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்துகொண்டே இருந்தது. மூடியைப் போட்டு மறுபடி எண்ணினேன் அக்கா, ஆறு.

உன்மேல் ஏன் அப்படிப் பாய்ந்தேன் என்று இப்போது சொல்கிறேன். நீ கேட்டதுமே எனக்குள்ளே எங்கேயோ சுருக்கென்றது. யாராவது சரிபார்த்தார்களா என்றாய். யாரும் சரிபார்க்கவில்லை.

பத்து நாளாகிறது. கைடிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் படிப்பு போய்விடும். சொல்லாமல் இருந்தால் இன்னொருவர் இதே சோதனையைச் செய்து என்னைப் பொய்யன் என்பார். தயவுசெய்து அம்மாவிடம் சொல்லாதே. அவள் ஒருத்தியாவது இருபத்தொன்று என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும். அவளுக்கு அதனால் என்ன நஷ்டம்?

வளவன்


வேலூர்,
8.7.2005

வளவா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். புதன்கிழமை ஃபோனில் "காலில் கொஞ்சம் புண்" என்றேன். கொஞ்சம் இல்லை. இரண்டு விரல் கறுத்துவிட்டது. வலிக்கவில்லை என்று அம்மா சொன்னாளே, வலிக்காததுதான் ஆபத்து என்று டாக்டர் என்னைப் பிடித்துக் கத்தினார். சர்க்கரையினால் பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டதாம். நெருப்பை மிதித்தாலும் தெரியாதாம். மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சத்தியமாவது ஒன்றாவது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நீ முதன்முதலில் ரிங்கு, ரிங்கு என்று சொல்ல ஆரம்பித்தபோதே அம்மா ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று வேண்டிக்கொண்டாளாம். உன் மிஷின் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அத்தனை சுற்று அவள் மலையைச் சுற்றுவதாக. வெறுங்காலோடு. நீ இருபத்தொன்று என்று கத்தினாய் பார், அன்றைக்கே நான் இருபத்தொன்றைப் பதினாலால் பெருக்கிப் பார்த்தேன். அவளோ சந்தோஷத்தில் "இருவத்தோரு சுத்துடி! நல்லவேளை நூறுன்னு சொல்லல" என்று சிரிக்கிறாள். உனக்குச் சொன்னால் நீ எண்ணைக் குறைத்துச் சொல்லிவிடுவாய் என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அதனால்தான் உன்னிடம் அப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டேன். ஒன்றிரண்டு கம்மியாக இருந்தால்கூட நல்லதுதானே என்ற நப்பாசை. நீ அதை மெமோ என்றாய்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி போனால் இரண்டு வருஷம் ஆகும், அதுவரை உசுரு இருக்குமோ என்னவோ என்று செவ்வாய்க்கிழமை தோறும் என்று மாற்றிக்கொண்டாள். போன செவ்வாயோடு பதினொன்று. குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் கழுவிவிட்ட தரையில் அவள் நடந்து போக, பின்னால் வந்த பாஞ்சாலை அக்கா அந்தத் தடத்தைப் பார்த்திருக்கிறாள். ஒரு காலின் தடம் மட்டும் சிவப்பு. "ரேணுகா, நில்லு, உன் காலப் பாரு"ன்னு கத்தினேன், "இன்னும் ரெண்டு மைல்தான், பேச்ச நிறுத்து"ன்னுட்டு நடக்குது என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

திங்கட்கிழமை விரலை எடுப்பார்கள். இரண்டோடு நிற்குமா, பாதமே போகுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. உன் மேலும் கோபம், அவள் மேலும் கோபம், என் மேலும் கோபம். அந்த இருபத்தொன்றை நீ கத்தாமல் மெதுவாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

மதிவதனி


அமெரிக்கா,
22.7.2005

அக்கா,

நம் இரண்டு பேர் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. "அவளுக்கு அதனால் என்ன நஷ்டம்" என்று நான் எழுதிய கடிதத்தை நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பிரித்திருப்பாய். அந்த வரியை எப்படிப் படித்தாயோ.

இரண்டு விரலோடு நின்றது என்று நீ ஃபோனில் சொன்னதும் நான் சட்டென்று வைத்துவிட்டேன். அழுதேன் என்று உனக்குத் தெரியும்.

ஆறுக்கு ஆறு சுற்றியிருந்தால் மே மாதத்தோடு நின்றிருப்பாள். கொப்புளம் கொப்புளமாகவே ஆறியிருக்கும். மீதி ஐந்தையும் அவள் ஒரு ஒயருக்காகச் சுற்றியிருக்கிறாள். நான் மாட்டாமல் விட்ட மூடி என் கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும். அதை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே கைடின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், அம்மாவைத் தவிர. அவர் கத்தவில்லை. "எத்தனை நாளாக உனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். இருபத்தாறு நாள் என்றேன். அந்த எண்ணைச் சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட வெட்கம் வேறு எதிலும் ஏற்பட்டதில்லை. மாநாட்டுக்காரர்களுக்குத் தவறு என்று எழுதிவிட்டோம், என் பெயரில். வருகிற பிப்ரவரி வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் பத்தைத் தாண்ட வேண்டும். இனி நான் அளப்பதை வேறு இரண்டு பேர் அளந்து கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் பதிவறை முறைதான்.

ஊருக்கு வரட்டுமா? இப்போது வந்தால் விசா முத்திரைக்கு மறுபடி நிற்க வேண்டும். கிடைக்காவிட்டால் இதோடு முடிந்தது. ஆனாலும் நீ வா என்று சொன்னால் வருகிறேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. ஆறு என்று சொல். நான் ஃபோனில் சொன்னால் பாதியில் உடைந்துவிடுவேன்.

வளவன்


வேங்கிக்கால்,
14.8.2005

தம்பி,

வரவேண்டாம். நான் சொல்லவில்லை, அம்மா சொல்கிறாள். "வந்து என் வெரலையா ஒட்டப் போறான்? படிச்சி முடிச்சிட்டு வரச் சொல்லு."

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாடு போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஒயர், மூடி, எதிரொலி எல்லாம் எனக்குப் புரிந்த வரைக்கும் சொன்னேன். கிணற்றில் கத்தினால் திரும்பி வருமே, அதையும் சேர்த்து எண்ணிவிட்டான் என்றேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"ஆறுதானா?"

"ஆறுதாம்மா."

"புள்ள வாத்தியார்கிட்ட திட்டு வாங்கனானா?"

வாங்கினான் என்றேன். நான் அழுவாள் என்று நினைத்தேன். உன்னைத் திட்டினால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப அஞ்சு சுத்து ஜாஸ்தியா சுத்திட்டேன். போவட்டும். அது அவன் பேர்ல இருக்கட்டும். மிஷினு பதினொண்ணு சுத்தற வரைக்கும் எனக்கு வேல இல்ல. பன்னெண்டுனு அவன் சொல்ற அன்னிக்கு நான் கெளம்பறேன்" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். தட்டைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா உனக்கு, இன்னொரு புண் வந்தால் கணுக்காலோடு எடுக்க வேண்டும் என்றார், காதில் விழுந்ததா இல்லையா என்றேன். நான் உனக்குப் பதிலாகச் சுற்றுகிறேன் என்றேன். "வாக்குக் குடுத்தது என் வாயி. நடக்க வேண்டியது என் காலு." சரி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்து மெத்தென்ற செருப்பையாவது போட்டுக்கொண்டு சுற்று என்றேன். "செருப்பு போட்டா அது சுத்துல சேராது" என்று முடித்துவிட்டாள். உன் மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆகவே, தம்பி, நிலைமை இதுதான். உன் வளையம் ஓடாவிட்டால் உன் படிப்பு போகும். பதினொன்றுக்கு மேல் ஓடினால் அம்மாவின் கால் போகும். நான் எந்தச் சாமியிடம் என்னவென்று வேண்டிக்கொள்வது? இரண்டு நாளாக மலையைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் கேட்காமல் கும்பிடு மட்டும் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போகிறேன்.

ஒரு நல்ல சேதி. புண் ஆறி வருகிறது. வீட்டுக்குள் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள், சமையலறையில் மட்டும் கழற்றிவிடுகிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை.

மதி


அமெரிக்கா,
6.2.2006

அக்கா,

இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். காரணம் படித்தால் தெரியும்.

ஆறு மாதமாக ஃபோனில் "ஏழு, எட்டு" என்று முணுமுணுத்ததோடு சரி. எழுதும்படியாக ஒன்றும் இல்லை. கற்றை எங்கே சாகிறது என்று தேடிக்கொண்டே இருந்தோம். கடைசியில் பார்த்தால், பூமிக்கே ஒரு காந்தம் இருக்கிறதல்லவா, எங்கள் மெல்லிய கற்றையை அது ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்துத்தான் இருந்தோம். ஆனால் வளையம் முழுவதும் ஒரே அளவு என்று நினைத்துவிட்டோம். நான் முழங்காலில் தவழ்ந்து, முப்பத்தாறு இடத்தில் அளந்தேன். ஒரு இடத்தில் மட்டும் தாறுமாறாக இருந்தது. பக்கத்துச் சுவரோரம் ஒரு இரும்பு பீரோ. பழைய காகிதங்கள் வைத்திருக்கிறார்கள். அதைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே வைத்தோம். மீதி இடங்களுக்கு ஒவ்வொன்றாகத் திருத்தம் போட்டோம். அதற்கே மூன்று மாதம்.

போன வெள்ளிக்கிழமை, நாற்பத்து மூன்று.

ஒயரின் முனையில் மூடி இருக்கிறதா என்று முதலில் நான் பார்த்தேன், அப்புறம் மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். தடுப்பை இறக்கினோம், எல்லாம் நின்றது. தூக்கினோம், நாற்பத்து மூன்று. ஒயரை மாற்றினோம். நாற்பத்து மூன்று. மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கைடு ஒரே வார்த்தைதான் சொன்னார், "எழுது." என் படிப்பு பிழைத்துக்கொண்டது அக்கா.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. முதலில் மனசில் வந்தது சந்தோஷம் இல்லை, கணக்கு. நாற்பத்து மூன்றில் பதினொன்று போனால் முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு தடவை பதினாலு கிலோமீட்டர். அம்மாவின் எட்டு விரல்.

அம்மாவிடம் பதினொன்று என்று சொல்லிவிடு. பத்தைத் தாண்டிவிட்டது, படிப்புக்கு அது போதும், இதற்கு மேல் இந்த இயந்திரம் ஓடாது என்று சொல். ஞாயிற்றுக்கிழமை நானும் அதையே சொல்கிறேன். ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னதற்காக இவ்வளவு பட்ட பிறகு, மறுபடி ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

தாள் உனக்கு மட்டும். பத்திரம்.

வளவன்


வேங்கிக்கால்,
27.2.2006

வளவா,

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை ஆபீஸ் மேஜையில் பூட்டி வைத்துவிட்டேன். தாளை மட்டும் வைக்க மனசு வரவில்லை. பஸ்ஸில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. முதல் முனை உயரம், அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைந்து குறைந்து, ஆனாலும் நிற்காமல். என் தம்பி செய்தது. அதனால் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

பதினொன்று என்று நீயும் சொன்னாய், நானும் சொன்னேன். அம்மா நம்பினாள் என்றுதான் நினைத்தேன். "பரவால்ல, சரியா போச்சி" என்று சொன்னாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். மாத்திரை அட்டையைத் தேடி என் பையைத் திறந்திருக்கிறாள். தரையில் உன் தாளை விரித்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மல்லாட்டையை முறத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முனைக்கும் ஒரு கடலைக் கொட்டையாக வைத்துக்கொண்டு போகிறாள். நான் பார்க்கும்போது கடைசிக் கொட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

"நாப்பத்தி மூணு இருக்குது" என்றாள். "பதினொண்ணுன்னு சொன்னீங்களே ரெண்டு பேரும்?"

அவள் பார்வை என் முகத்தில் இல்லை, வாசல் கதவுக்கு வெளியே மலைமேல் இருந்தது. நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை என்று எனக்கு நினைவு வந்தது. அவளுக்கு முன்னாடியே வந்திருக்கும்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அய்யோ அம்மா, அதுல மொதப் பதினொண்ணுதாம்மா சுத்து. மீதி பூரா ஒயர்ல வர்ற எதிரொலி. மறுபடியும் மூடியப் போடாம வுட்டுட்டான். வெக்கமா இருக்குதுக்கா, அம்மாகிட்ட காட்டாதன்னுதான் எனக்கு அனுப்பினான்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். கிணற்றில் கத்தினா வருமே அதுவா என்று கேட்டாள். அதுதாம்மா என்றேன். பன்னிரண்டாவது கொட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் எடுக்க எடுக்க எனக்கு மூச்சு வந்தது. பதினொன்று மட்டும் தாளில் மிச்சம் இருந்தது.

அப்புறம் அழுதாள், தம்பி. விரலை எடுத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. "பாவம் புள்ள. மறுபடியுமா? எவ்ளோ ஆசையா எண்ணியிருப்பான். வாத்தியாரு மறுபடியும் திட்டுவாரே" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட உன் முப்பத்திரண்டு சுற்றை ஒரே நிமிஷத்தில் எதிரொலி ஆக்கிவிட்டேன். எங்கள் ஆபீஸில் இதற்குச் சஸ்பெண்ட் செய்வார்கள். நீ மன்னிப்பாய்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். அடுத்த ஞாயிறு நீ ஃபோன் செய்யும்போது அம்மா உனக்கு ஆறுதல் சொல்லப்போகிறாள். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள், காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பதினொண்ணு போதும்டா, பேராசப்படாத, அடுத்த தபா மூடியப் போட மறந்துடாத" என்பாள். சிரித்துத் தொலைக்காதே. குரலில் கொஞ்சம் துக்கம் இருக்கட்டும். சரிம்மா, மறக்கமாட்டேன் என்று சொல்.

செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டாள். சமையலறையிலும்.

மதிவதனி